வெளிநாட்டுப் பிள்ளைகள் முகாமில் ஊழியம்: அமெரிக்காவா, பிரிட்டனா, நேபாளமா, நம்ம ஊர் விபிஎஸ்ஸா?

கிறிஸ்மஸ் முடிந்து புது வருஷம் பிறந்தால் வாலிபர் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். வெளிநாட்டில் நடக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகள் முகாமில் தன்னார்வலராகப் போகலாமா? போனால் எந்த நாடு? கேட்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிக் கடைசி வருஷத்தில் இருப்பவர்கள், இல்லையென்றால் வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள். விபிஎஸ்ஸில் (கோடை விடுமுறையில் சபைகள் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டும் ஆக்‌ஷனும் சொல்லிக்கொடுத்து, மனப்பாட வசனம் கேட்டு, பிள்ளைகளோடு பழகியவர்கள். அவர்களுடைய ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் நாட்டை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம். முகாமுக்கு வரும் பிள்ளையின் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்தப் பிள்ளையோடு எத்தனை நாள் இருப்பீர்கள்? அதன் மொழியில் பேச உங்களால் முடியுமா? உங்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் அதைப் பாதுகாக்க அந்த முகாமில் என்ன ஏற்பாடு இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நாடு தானாக முடிவாகிவிடும்.

காலண்டரை முதலில் எடுங்கள்

நமக்குக் கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், மே. அமெரிக்காவில் முகாம்கள் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஓடும். ஊழியர் பயிற்சிக்கு ஒரு வாரமாவது முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இங்கிலாந்தில் பள்ளிகள் ஜூலை கடைசியில்தான் மூடுகின்றன, அதனால் முகாம்கள் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும். நம் பள்ளிகளோ ஜூனில் திறந்துவிடும். பிள்ளைகளை நடத்த நன்றாகத் தெரிந்தவர்கள் நம் சபைகளில் ஆசிரியர்கள்தான், ஆனால் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தாலொழிய அவர்களுக்கு அமெரிக்க முகாம் கைகூடாது. இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் அந்த நேரத்தில் வகுப்பு ஆரம்பித்துவிடும். கடைசி செமஸ்டரை முடித்து, அடுத்த படிப்புக்கோ வேலைக்கோ இடையில் நிற்பவருக்குத்தான் அந்தப் பத்து வாரம் இயல்பாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவில் கோடை என்பது டிசம்பர், ஜனவரி. கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அங்கே கடற்கரைகளில் பிள்ளைகளுக்கான ஊழியக் குழுக்கள் இறங்கும். நம் அரையாண்டு விடுமுறையின் சில நாளில் அதற்குப் போய்வர முடியாது.

அமெரிக்க முகாம்: முழு சீசன்

கிறிஸ்தவ முகாம் மரபு அமெரிக்காவில் ஆழமானது. ஒய்எம்சிஏ என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த சம்னர் டட்லி 1885ல் சில பையன்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரையில் கூடாரம் போட்டதில் தொடங்கியது, இன்றும் நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்ளேன் ஏரிக்கரையில் ‘கேம்ப் டட்லி’ என்று நடந்துகொண்டிருக்கிறது. பாப்டிஸ்ட், மெதடிஸ்ட், லுத்தரன், பிரெஸ்பிட்டேரியன் என்று ஒவ்வொரு சபைப் பிரிவுக்கும் காட்டுக்குள்ளோ ஏரிக்கரையிலோ முகாம்கள் உண்டு.

அங்கே கவுன்சிலர் என்றால் பிள்ளைகளோடு ஒரே கேபினில் தூங்கி, அவர்களோடு எழுந்து, அவர்களோடு சாப்பிடுகிறவர். காலையில் வேதபாடம், பிறகு நீச்சல், படகு, வில்வித்தை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் படுக்கையில் அமைதியாக இருக்கும் ஒரு மணி நேரம், ராத்திரி தீ மூட்டி அதைச் சுற்றிப் பாட்டும் சாட்சியும். பிள்ளைகள் கையில் போன் இருக்காது. முதல் இரண்டு ராத்திரி வீட்டு ஞாபகத்தில் அழும் பிள்ளை இருக்கும். படுக்கையை நனைத்துவிட்டு வெட்கப்படும் பிள்ளை இருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாமல் அந்தப் போர்வையை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எந்த ஊசி, அது எங்கே இருக்கிறது என்று தூக்கத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். காட்டில் நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மேடையில் நின்று பிரசங்கம் பண்ணும் வாய்ப்பு குறைவு. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரு பத்து வயதுப் பையன், “எங்க அப்பாவும் அம்மாவும் பிரியப் போறாங்க, நான் ஜெபம் பண்ணா மாறுமா?” என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அவனுடைய ஆங்கிலத்தில், பொய் சொல்லாமல், அவனைக் கைவிடாமல் பதில் சொல்லத் தெரிந்தவரா நீங்கள்? இந்த வேலைக்குத் தேவைப்படும் ஆங்கிலம் அதுதான். நேர்முகத் தேர்வில் பேசும் ஆங்கிலம் அதற்குப் போதாது.

சட்டப்படி இதற்கு ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கான அமெரிக்க விசா) ‘கேம்ப் கவுன்சிலர்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாணவர், ஆசிரியர், இளையோர் ஊழியர், தனித்திறமை உள்ளவர் ஆகியோருக்கு. அதிகபட்சம் நான்கு மாதம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் போக முடியும். அது தரும் டிஎஸ்-2019 படிவம் இல்லாமல் விசா நேர்முகத்துக்கே போக முடியாது. ஸ்பான்சர்களின் பட்டியலை அந்தத் துறையே வெளியிடுகிறது. ஏஜென்ட் சொல்லும் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.

இந்த விதிமுறைகளில் இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த விசாவில் வருபவருக்கு அதே வேலையைச் செய்யும் அமெரிக்கக் கவுன்சிலருக்குச் சமமான ஊதியமும் வசதியும் தர வேண்டும் என்பது விதி. அதேபோல, இவரைச் சமையல்காரராகவோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவு வேலைக்கோ, அலுவலக வேலைக்கோ வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, “ஜே-1 எடுத்துத் தருகிறோம், ஆனால் ஊழியம்தானே, சம்பளம் கிடையாது, கிச்சனில் உதவி செய்ய வேண்டும்” என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே மீறுகிறார்கள். ஊழியத்துக்குப் போகிறவர் ஊதியம் வாங்கலாமா என்று தயங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாங்குங்கள். விமானக் கட்டணத்தில் ஒரு பகுதியாவது அதில் அடங்கும், சபையின் பாரம் குறையும்.

முற்றிலும் சம்பளமில்லாத சேவை என்றால் அதற்கு பி-1 என்ற குறுகிய காலப் பயண விசாவில் ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மத அமைப்போ தொண்டு நிறுவனமோ நடத்தும் தன்னார்வத் திட்டத்துக்கு, அந்த அமைப்பின் கடிதத்தோடு, செலவுத்தொகை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். முழு சீசன் கவுன்சிலராக இருக்கிறவருக்கு ஜே-1தான் பொருத்தம். சுற்றுலா என்று சொல்லி விசா வாங்கிப் போய் முகாமில் நிற்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளுக்கு உண்மையைக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் தூதரகச் சன்னலில் பொய் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

செலவு: விசா விண்ணப்பத்துக்கு 185 டாலர், செவிஸ் (ஜே-1, மாணவர் விசாக்காரர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) கட்டணம் 35 டாலர், ஸ்பான்சரின் திட்டக் கட்டணம் தனி, காப்பீடு கட்டாயம், விமான டிக்கெட்தான் பெரிய தொகை. கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2025 மே கடைசியில் அமெரிக்கா மாணவர் விசாக்களோடு ஜே-1க்கும் புதிய நேர்முக நேரம் ஒதுக்குவதை நிறுத்திவைத்தது. ஜூன் 18ல் மறுபடி திறந்தபோது, விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. மூன்று வாரம்தான், ஆனால் முகாம்கள் தொடங்கும் அதே மூன்று வாரம். எவ்வளவு ஆயத்தமாக இருந்தாலும் கடைசி நேரத்தில் கதவு மூடலாம். டிக்கெட்டுக்காகக் கடன் வாங்கியோ, கிடைத்த வேலையை விட்டோ இதில் இறங்காதீர்கள்.

பிரிட்டன்: சின்ன வாசல், ஆனால் ஒழுங்கான வாசல்

1867ல் லண்டனில் ஜோசையா ஸ்பையர்ஸ் பிள்ளைகளுக்கென்று தனியாகக் கூட்டம் நடத்தத் தொடங்கினார். அடுத்த வருஷம் வேல்ஸின் லாண்டுட்னோ கடற்கரையில் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற வசனத்தை மணலில் எழுதி, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூழாங்கல்லாலும் கிளிஞ்சலாலும் அதை அலங்கரிக்க வைத்தார். நம் ஊரிலும் பல சபைகளுக்குப் பழக்கமான ஸ்கிரிப்ச்சர் யூனியன் என்ற ஊழிய அமைப்பு அந்த வேரிலிருந்து வந்தது. பிரிட்டனில் முகாம்கள் பொதுவாக ஒரு வாரம், பத்து நாள். நடத்துகிற அணியினரில் பெரும்பாலோர் தங்கள் வருடாந்திர விடுப்பை எடுத்துக்கொண்டு, தங்கள் சாப்பாட்டுச் செலவையும் தாங்களே கட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

விசாவும் அந்த அளவுக்குத்தான். சாதாரண விசிட்டர் விசாவிலேயே, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வலராக இருக்கலாம். அதற்கு மேல் என்றால் ‘சாரிட்டி வொர்க்கர்’ விசா: ஒரு வருஷம் வரை, ஊதியம் கிடையாது, உரிமம் பெற்ற ஸ்பான்சர் வேண்டும், ஸ்பான்சர் பொறுப்பேற்காவிட்டால் வங்கியில் 1,270 பவுண்ட் இருப்புக் காட்ட வேண்டும். ஒரு பத்து நாள் முகாமுக்காக அதை எடுப்பது வீண் செலவு.

லண்டனில் அத்தையோ மாமாவோ இருந்து, மூன்று வார விடுப்பில் போகிறவருக்கு இது நல்ல வழி. ஒன்றோ இரண்டோ முகாமில் நிற்கலாம். அங்கேயே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது, ஆகஸ்டில் ஊருக்கு வராவிட்டால் முகாமுக்குப் போங்கள் என்பேன். இங்கிருந்து இதற்கென்றே டிக்கெட் எடுத்துப் போவதை மட்டும் எனக்கு நியாயப்படுத்தத் தெரியவில்லை. பத்து நாளில் நீங்கள் அந்த நாட்டுப் பிள்ளைகளின் பேச்சு வேகத்துக்குப் பழகும்போதே முகாம் முடிந்துவிடும்.

நேபாளம்: விசா வேண்டாம் என்பதாலேயே போகாதீர்கள்

இந்தியருக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை, செலவு குறைவு. அதனால் பத்துப் பதினைந்து பேர் டி-ஷர்ட் அச்சடித்துக்கொண்டு ஒரு வாரம் போய் பிள்ளைகள் முகாம் நடத்திவிட்டு வரலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. நேபாள அரசியலமைப்பின் 26ம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை; வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தல். பிள்ளைகளைக் கூட்டிவைத்து வேதபாடம் நடத்துவது அந்தச் சட்டத்தின் கண்ணில் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். விசாரணைக்குப் போய் நிற்கப்போவது அந்த ஊர் போதகரும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரும்.

மொழியும் இல்லை. நேபாளி தெரியாமல், மொழிபெயர்ப்பாளர் வழியாக ஐந்து நாளில் ஒரு பிள்ளையோடு என்ன உறவு உண்டாகும்? ‘ஹோம்’களுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துவிட்டு வருவது இன்னும் மோசம். தாய் தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே அநாதைகள் என்று காட்டிப் பணம் திரட்டும் இல்லங்கள் நேபாளத்திலும் கம்போடியாவிலும் அம்பலமாகியிருக்கின்றன. வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் வருகையே அந்த வியாபாரத்தை வளர்க்கிறது. அங்குள்ள சபைக்கு உதவ மனமிருந்தால், அவர்களுடைய ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிக்குப் பணம் அனுப்புங்கள்.

இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. மொழி ஒன்று, பாட்டு ஒன்று, தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு பேராயம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. பிள்ளையோடு முதல் நாளே பேசலாம் என்ற ஒரு காரணத்துக்காகவே, வெளிநாடுதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் இதை முதலில் சொல்வேன். அங்குள்ள சபை கேட்டு அழைத்தால் போங்கள், அந்தச் சபை வழியாகத் தகுந்த விசாவையும் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்த வேண்டாம்.

பாதுகாப்பைக் கேட்காமல் எந்த நாட்டுக்கும் போகாதீர்கள்

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், இங்கிலாந்தின் ஐவர்ன் கிறிஸ்தவ முகாம்களின் தலைவர்களில் ஒருவராக இருந்துகொண்டு, 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அங்கே பழக்கமான பையன்களையும் வாலிபர்களையும் ஆவிக்குரிய ஒழுக்கம் என்ற பெயரில் ரத்தம் வர அடித்தார். 1982லேயே அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அதைப் படித்தவர்கள் போலீசுக்குப் போகவில்லை. அவர் 1984ல் ஜிம்பாப்வேக்குப் போனார். அங்கேயும் பையன்களுக்குக் கிறிஸ்தவ முகாம்கள் நடத்தினார், அங்கேயும் அடித்தார். 1992ல் அவருடைய முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். 2017ல்தான் விஷயம் தொலைக்காட்சி வழியாக உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம், இங்கிலாந்தில் வழக்கு எதையும் சந்திக்காமலே அவர் இறந்தார். 2024 நவம்பரில் வெளியான விசாரணை அறிக்கையைத் தொடர்ந்து கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி ராஜினாமாவை அறிவித்தார். ‘ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடி மறைத்ததில் எத்தனை பிள்ளைகள் பலியானார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

அதனால் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்கள் உங்களை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்களா? (பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக 500 ரூபாயில் வாங்கிவிடலாம்.) உங்கள் ஆயரைத் தவிர, உறவினர் அல்லாத வேறொருவரிடமும் விசாரிக்கிறார்களா? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? புகார் என்றால் முகாமுக்கு வெளியே யாரிடம் சொல்வது? அமெரிக்காவில் என்றால் அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷனின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஊழியராவது இருக்க வேண்டும் என்பது போன்ற அளவுகோல்கள் அவர்களிடம் உண்டு. ஒன்றும் கேட்காமல், “ஊழிய பாரம் இருந்தால் போதும், வாங்க பிரதர்” என்கிற முகாமுக்குப் போகாதீர்கள்.

நாமும் மாற வேண்டும். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் உட்காரவைப்பது, சேட்டை பண்ணினால் காதைத் திருகுவது எல்லாம் இங்கே பாசமாகவும் கண்டிப்பாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கே முதல் தடவையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் அப்படித்தான். இவற்றை அந்நியப் பழக்கம் என்று நினைக்காமல், கற்றுக்கொண்டு வந்து நம் விபிஎஸ்ஸிலும் நடைமுறைப்படுத்துங்கள்.

நம்ம ஊர் விபிஎஸ்

இதை ஆறுதல் பரிசாக நினைக்காதீர்கள். நான் சொன்ன மூன்று கேள்விகளில் மொழியிலும் நாட்களிலும் இதை எதுவும் மிஞ்சாது. மே மாதம் பத்து நாள் உங்களிடம் கதை கேட்ட பிள்ளை ஜூனிலும் அதே தெருவில்தான் இருக்கும். பத்தாம் வகுப்பில் அது தவறினால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசலாம். கிறிஸ்தவர்கள் குறைவாக இருக்கும் கிராமங்களில், அழகான அட்டைப்படப் பாடப்புத்தகம் வாங்கவே பணம் இல்லாத சபைகள் எத்தனையோ. அமெரிக்காவுக்கு ஒருவர் போய்வரும் பணத்தில் அப்படி ஒரு சபையின் விபிஎஸ் பல வருஷம் நடக்கும். பயிற்சியும் பாதுகாப்பு விதிகளும்தான் நம்மிடம் பலவீனம். அதைப் பார்த்துக் கற்றுவரத்தான் யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். படிப்பை முடித்துவிட்டு, பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் மனம் விட்டுப் பேசக்கூடிய, குறைந்தது இரண்டு வருஷம் ஞாயிறு பள்ளியில் தவறாமல் நின்ற தம்பிக்கும் தங்கச்சிக்கும் ஜே-1 வழியாக அமெரிக்க முகாம். முழு சீசன். சபையும் காணிக்கை சேர்த்து அனுப்பலாம், திரும்பி வந்து இரண்டு மே மாதம் விபிஎஸ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற உடன்பாட்டோடு. ஏற்கெனவே பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அங்கேயே ஒரு முகாம். வேலையில் இருந்து பத்து நாள் மட்டும் கிடைப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உள்ளூர் விபிஎஸ், அல்லது அழைப்பு வந்தால் இலங்கை. ஒரு வாரச் சுற்றுலாக் குழுவாக நேபாளம் போவதற்கு என் ஆதரவு கிடையாது.

அமெரிக்கா போக நினைப்பவர்கள் ஸ்பான்சர் விண்ணப்பத்தை முந்தின அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடுங்கள். முகாம்கள் ஆள் எடுப்பது குளிர்காலத்தில். பாஸ்போர்ட்டும் போலீஸ் சான்றிதழும் கிறிஸ்மஸுக்குள் கையில் இருக்கட்டும், ஏப்ரலுக்குள் விசா நேர்முகம் முடியட்டும். ஜனவரியில் இதை முதல்முறை யோசிக்கிறவர்கள், இந்த மே மாதம் நம் சபை விபிஎஸ்ஸில் பெயர் கொடுத்துவிட்டு அடுத்த வருஷத்துக்கு ஆயத்தப்படுவது நல்லது.